அழுக்குத் தட்டு போன வழி: 'பிக்காடில்லி' பத்தி ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன மாசம் மௌனப் படங்களப் பத்தி எழுதினப்போ போற போக்குல 'பிக்காடில்லி'ன்னு 1929ல வந்த ஒரு படத்தச் சொல்லி, காபரேவ வச்சு எடுத்த படங்கள்ல எனக்கு இதுதான் ஒசத்தின்னு எழுதியிருந்தீங்க. அத நம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து பாத்தேன். உள்ளதச் சொல்லிடறேன், ஏமாந்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கதைன்னு பாத்தா என்ன இருக்கு? லண்டன்ல பெரிய நைட் கிளப், ஓனர் வில்மாட், அங்க ஆடற ஸ்டார் மேபல் அவனோட காதலி, அவ கூட ஜோடியா ஆடற விக்டர் அவ பின்னாடியே அலையறான், அவன வேலைய விட்டுத் தூக்கினதும் கூட்டம் விழுந்துடுது, உடனே பாத்திரம் கழுவிட்டிருந்த ஷோஷோங்கற சீனப் பொண்ண மேடை ஏத்தறாங்க, ஒரே ராத்திரில அவ ஸ்டார், ஓனர் அவ பக்கம் சாயறான், மேபலுக்கு வயித்தெரிச்சல், ஷோஷோ செத்துப் போறா, கோர்ட், முடிஞ்சுது. மத்தியானம் ரெண்டு மணி சீரியல்ல இதவிட திருப்பம் ஜாஸ்தி சார்.

சரி டான்ஸாவது இருக்கும்னு பாத்தா, படம் பாதி வரைக்கும் அதுக்காகக் காக்க வச்சுட்டு, அந்தப் பொண்ணு வந்து நிக்குது, கையக் கைய அசைக்குது, அவ்ளோதான். அதுக்கா லண்டனே எழுந்து கைதட்டுது? அப்புறம் வெள்ளைக்காரன ஆசப்பட்ட ஆசியாப் பொண்ணு கடைசில சாகணும்ங்கற விதி வேற, இத எப்படி மனசாட்சியோட நல்ல படம்னு சொல்றீங்கன்னு புரியல. சார்லஸ் லாட்டன் பேரப் பாத்துட்டு ஆசையா உக்காந்தேன், அவர் வந்து தட்டுல அழுக்குன்னு ஒரு சண்ட போட்டுட்டு போயிட்டார், அந்தத் தட்டுக்கு இத்தன நிமிஷமா?

நான் பாத்தது நெட்ல கெடச்ச ஒரு பிரிண்ட். பின்னாடி யாரோ பியானோ வாசிச்சுட்டே இருந்தாங்க, படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒருவேள அதனாலதான் ஒட்டலையோ என்னவோ. இதுக்கப்புறமும் காபரே படம்னு ஏதாவது ஒண்ணு பாக்கலாம்னா சொல்லுங்க, இன்னொரு சான்ஸ் தர்றேன்.

அன்புடன்,
கே.

* * *

அன்புள்ள கே.,

இதுல கோச்சுக்க என்ன இருக்கு. பிடிக்காத படத்த இவ்ளோ விவரமா திட்டறதுக்கே ஒரு பொறுமை வேணும், பாதிப் பேரு பத்து நிமிஷத்துல மூடி வச்சுட்டுப் போயிடறாங்க. (படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கங்க, கே. கொலை வரைக்கும் சொல்லிட்டார், நான் கொன்னது யாருன்னும் சொல்லப் போறேன்.)

அந்தத் தட்டுலேர்ந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா நீங்க வேஸ்ட்டுன்னு சொல்ற அந்த இடத்துலதான் எனக்குப் படமே இருக்கு. மேபல் நடு ஹால்ல ஆடறா, எல்லாரும் சாப்பாட்ட மறந்துட்டு பாக்கறாங்க, ஒரே ஒரு குண்டு மனுஷன் மட்டும் தட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இது என்ன கறை, இதுலதான் எனக்கு சாப்பாடு போட்டீங்களான்னு சத்தம் போடறான். லாட்டன் அப்ப நாடக மேடைல பேர் எடுத்துக்கிட்டிருந்த ஆளு, சினிமாவுக்குப் புதுசு, நாலஞ்சு வருஷம் கழிச்சுதான் எட்டாம் ஹென்றியா நடிச்சு ஆஸ்கர் வாங்கறார். இங்க அவருக்குக் கெடச்சது ஒரு நாற்காலி, ஒரு தட்டு, கொஞ்சம் போதை. அத வச்சுக்கிட்டு அந்த ஆட்டத்தையே கலைச்சு விட்டுடறார்.

இப்ப கவனிங்க. ஓனர் வில்மாட் அந்தத் தட்டுக்குக் காரணம் தேடிக் கெளம்பறான். ஹால்லேர்ந்து கிச்சனுக்குப் போறான், அங்க இருக்கறவங்க கழுவறது எங்க பொறுப்பு இல்லைன்னு கையக் காட்டறாங்க, அதத் தாண்டி உள்ள போறான், கடைசில பாத்திரம் கழுவற ரூம். ஒவ்வொரு கதவத் தாண்டும்போதும் வெளிச்சம் மாறுது, உடுப்பு மாறுது, மனுஷங்க நிக்கற விதமே மாறுது. மேல கோட்டும் முத்துமாலையும், கீழ ஆவியும் ஈரக்கையும். அங்க போய்ப் பாத்தா, தட்டு ஏன் அழுக்கா வந்துச்சுன்னு தெரிஞ்சுடுது: கழுவறவங்க எல்லாரும் வேலைய நிறுத்திட்டு, மேஜை மேல ஏறி ஆடற ஒரு பொண்ண பாத்துட்டு நிக்கறாங்க. கிழிஞ்ச ஸ்டாக்கிங் போட்ட அந்தக் காலத்தான் கேமரா முதல்ல காட்டுது.

அதாவது, மேல நடந்த அதே சமாச்சாரம்தான் கீழயும் நடக்குது. ஒருத்தி ஆடறா, மத்தவங்க கையில இருந்தத மறந்துட்டு பாக்கறாங்க. மேல அப்படிப் பாக்கறதுக்குக் காசு குடுத்து டேபிள் புடிக்கறாங்க, கீழ அப்படி ஆடினதுக்கு அவளுக்கு வேலை போயிடுது. ரெண்டு மாடிக்கும் நடுவுல போய் வந்துட்டு இருக்கறது அந்தத் தட்டு ஒண்ணுதான். இத ஒரு டைட்டில் கார்டுலகூட எழுதிக் காட்டாம ஒருத்தன நடக்க விட்டே சொல்லிட்டாங்க. நீங்க அத்தன நிமிஷமான்னு கேட்டீங்க, எனக்கு இன்னும் ரெண்டு கதவு இருந்திருந்தாலும் போயிட்டே இருந்திருப்பேன்.

இந்தக் கிச்சன் சமாச்சாரம் சும்மா வந்து விழல. கதை எழுதினவர் ஆர்னல்ட் பென்னட், அந்தக் காலத்துல இங்கிலாந்துல ரொம்பப் பேரெடுத்த நாவலாசிரியர், வர்ஜினியா வுல்ஃப் இவர பழைய பாணி ஆளுன்னு கட்டுரை போட்டு வாரினதாலயே பாதிப் பேருக்கு இன்னைக்கு அவரத் தெரியும், பாவம். அந்த மனுஷனுக்கு பெரிய ஹோட்டல்னா ஒரு பைத்தியம். 1902லயே ஒரு சொகுசு ஹோட்டல வச்சு நாவல் எழுதினார், இந்தப் படத்துக்கு அடுத்த வருஷம் 1930ல இன்னொரு தடிமனான ஹோட்டல் நாவல், அது லண்டன் சவாய் ஹோட்டல மனசுல வச்சு எழுதினது. அந்த சவாய்க்காரங்க புகைபோட்ட மீனும் சீஸும் போட்டு ஒரு ஆம்லெட் பண்ணி அதுக்கு இவர் பேரையே வச்சாங்க, இன்னைக்கும் அந்த ஆம்லெட் மெனுவுல இருக்கு, நாவல்களத்தான் தேட வேண்டியிருக்கு. மேல விருந்து ஓடணும்னா கீழ எத்தன பேரு நனையணும்ங்கற கணக்கு தெரிஞ்ச ஆளு எழுதினது இது. அதனாலதான் கதையா சுருக்கிச் சொன்னா உங்களுக்கு சீரியல் மாதிரி தெரியுது, ஆனா இடத்த இடமா பாத்தா வேற மாதிரி இருக்கு.

டைரக்டர் ஈ. ஏ. டூபாண்ட் ஜெர்மன்காரர். கேமரா வெர்னர் பிராண்டஸ், செட் ஆல்ஃப்ரட் யுங்கே, அவங்களும் அங்கேர்ந்து வந்தவங்கதான். லண்டன் பக்கத்துல எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவுல பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் கம்பெனிக்காக எடுத்தது. யுங்கே பின்னாடி 1947ல 'பிளாக் நார்சிசஸ்'க்கு இமயமலைய இங்கிலாந்துலயே ஸ்டூடியோவுக்குள்ள கட்டி ஆஸ்கர் வாங்கின கில்லாடி. இங்க அவர் கட்டின கிளப்போட வளைஞ்ச மாடிப்படிய பாருங்க, ஆளுங்க இறங்கி வர்றதே ஒரு ஷோ மாதிரி இருக்கும். ஆரம்பத்துல பேர் போடறதக்கூட சும்மா போடல, ராத்திரி பிக்காடில்லி தெருவுல போற பஸ்ஸுங்களோட பக்கவாட்டுல விளம்பரம் மாதிரி எழுதிக் காட்டுவாங்க. அந்த ஒரு ஐடியாவுக்கே நான் டிக்கெட் காசு குடுத்துடுவேன்.

இப்ப டான்ஸ். அந்தப் பொண்ணு கைய அசைச்சதத் தவிர ஒண்ணும் பண்ணலன்னு எழுதியிருக்கீங்க. வாஸ்தவம். ஷோஷோவா நடிச்ச அன்னா மே வாங் பெரிய டான்ஸர் கிடையாது. படத்துல நிஜமான டான்ஸர் யாருன்னா, மேபலா வர்ற கில்டா கிரே. போலந்துல பொறந்து அமெரிக்கா போனவங்க, தோளக் குலுக்கி ஆடற ஷிம்மி டான்ஸ 1920கள்ல அமெரிக்கா முழுக்க பரப்பினதுல பெரிய பங்கு அவங்களுது, போஸ்டர்ல முதல் பேரும் அவங்களுதுதான். அப்ப டூபாண்ட் பண்ணியிருக்கறத பாருங்க, ஆடத் தெரிஞ்சவங்களுக்கு சலிச்சுப்போன ஆட்டத்தக் குடுத்துட்டு, ஆடத் தெரியாதவங்களுக்கு ஊரே எழுந்து நிக்கற ஆட்டத்தக் குடுக்கறார். அதுக்கு ஏத்த மாதிரிதான் எடுக்கவும் செய்யறார். அவ ஆடறதவிட, அவ மேல பட்ட லைட்டு என்ன பண்ணுதுங்கறதுதான் அங்க காட்சி. உலோகம் மாதிரி மினுக்கற உடை, கூரான கிரீடம், அதுல விழுந்து திரும்பற வெளிச்சம், நடுநடுவுல பாக்கறவங்க மூஞ்சி. வில்மாட் பாக்கறான், மேபல் பாக்கறா, மேடை ஓரத்துல வாத்தியம் வாசிக்கற ஷோஷோவோட காதலன் ஜிம் பாக்கறான். இந்த மூணு பேரு பாக்கறதும் மூணு விதமா இருக்கும், மீதிக் கதைய அந்த மூஞ்சிங்களே சொல்லிடும்.

அந்த உடையப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். கிளப்புக்கு வர்றவங்களுக்கு அது சீன டான்ஸ், ஆனா பாத்தா தாய்லாந்து பாலி பக்கத்து நடனக்காரங்க கிரீடம் மாதிரிதான் இருக்கு, அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதானே. அத வாங்கற சீன் ஞாபகம் இருக்கா? லண்டன்ல சீனக்காரங்க இருந்த லைம்ஹவுஸ் பேட்டைல ஒரு கடை. இந்த உடைதான் வேணும், இதான் போட்டு ஆடுவேன், வாசிக்கறதுக்கு ஜிம்தான் வரணும்னு ஷோஷோ ஒத்தக் கால்ல நிக்கறா. உடை எப்படி இருக்கும்னு வில்மாட்டுக்குக் காட்டறதுக்காக அத அவ போட்டுக் காட்ட மாட்டா. ஜிம்ம போட வைப்பா. அவன் அந்தப் பொம்பள உடுப்ப மாட்டிக்கிட்டு, தன் காதலியோட புது முதலாளி முன்னாடி நிக்கறான், முதலாளி சிரிப்ப அடக்கிக்கறான், ஷோஷோ வில்மாட்டையே பாத்துட்டு இருக்கா. முதல் தடவை பாக்கும்போது ஏதோ காமெடின்னு நானும் விட்டுட்டேன். கொன்னது ஜிம்தான்னு தெரிஞ்சப்புறம் மறுபடி பாத்தா அந்த நிமிஷத்துல அவன் மூஞ்சியத் தவிர வேற எங்கயும் கண்ணு போகாது.

பேரம் பேசறதுல அவ கெட்டிக்காரி, அத ஏன் நீங்க எழுதவேயில்லன்னு எனக்கு ஆச்சரியம். கழுவற ரூம்லேர்ந்து வந்தவ, ஓனரோட ஆபீஸ்ல உக்காந்து தான் கேட்டது அத்தனையும் வாங்கிட்டுத்தான் நகர்றா. காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடும்போது கேமரா கிட்ட போகுது, மேலேர்ந்து கீழ சீன எழுத்து. அங்க எழுதறது ஷோஷோங்கற பேரு இல்ல, வாங் லியு ஸோங், நடிகையோட சொந்தப் பேரு. டூபாண்ட் சொல்லிப் போட்டதா, இங்க யாருக்குப் படிக்கத் தெரியப் போகுதுன்னு அவங்களே போட்டதா, எப்படின்னாலும் சரி, அந்த ஷாட்ட நான் நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன்.

ஏன்னா அந்த அம்மாவோட கதை அப்படி. 1905ல லாஸ் ஏஞ்சலஸ்ல பொறந்தவங்க, அப்பா லாண்டரிக் கடை வச்சிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு ஷூட்டிங் பாக்க ஓடின பொண்ணு. 17 வயசுல, 1922ல, கலர்ல வந்த ஆரம்பகாலப் படங்கள்ல ஒண்ணான 'தி டோல் ஆஃப் தி சீ'ல கதாநாயகி, 1924ல 'தீஃப் ஆஃப் பாக்தாத்'ல மங்கோலிய அடிமைப் பொண்ணு. எல்லாரும் ஓகோன்னாங்க, ஆனா அதுக்கப்புறம் குடுத்ததெல்லாம் வேலைக்காரி, விபச்சாரி, சூழ்ச்சிக்காரி. பெரிய சீன வேஷம் வந்தா வெள்ளைக்காரங்களுக்கு கண்ண இழுத்து ஒட்டி மேக்கப் போட்டாங்க. வெறுத்துப் போய் 1928ல ஐரோப்பாவுக்கு கப்பல் ஏறிட்டாங்க. பெர்லின்ல படம், அங்க ஜெர்மன் கத்துக்கிட்டு பேசினாங்க, வால்டர் பெஞ்சமின்ங்கற ஜெர்மன் சிந்தனையாளர் நேர்ல பாத்துப் பேசிட்டு ஒரு கட்டுரையே எழுதினார், அப்புறம்தான் லண்டன், 'பிக்காடில்லி'.

சரி, நீங்க கேட்ட முக்கியமான கேள்விக்கு வரேன், அவள ஏன் கொல்லணும்? விதின்னு நீங்க சொல்றது நெசம்தான், மறுக்கல. லைம்ஹவுஸ்னாலே அன்னைக்கு லண்டன்காரனுக்கு அபின், கத்தி, மர்மம். ஃபூ மான்சுன்னு ஒரு சீன வில்லன வச்சு எழுதின நாவல்ங்க 1913லேர்ந்து வித்துட்டு இருந்துச்சு. நிஜத்துல அங்க இருந்தது ரெண்டு மூணு தெரு, கப்பல்ல வேலை பாத்தவங்க, சாப்பாட்டுக் கடை, லாண்டரி, மொத்தமே சில நூறு பேரு, அவங்க பாட்டுக்கு பொழச்சுட்டு இருந்தாங்க. படமும் அந்த மர்மச் சரக்க எடுத்துக்குது, ஷோஷோ ரூம்ல திரை, புகை, சுவத்துல கத்தின்னு எல்லாம் மாட்டி வச்சிருக்கு. வில்மாட் அவளக் கட்டிப் பிடிக்கறான், முத்தம் வரப்போகுதுன்னு தெரியற நொடில ஷாட் போயிடுது. வெள்ளைக்காரனும் ஆசியாப் பொண்ணும் திரைல முத்தம் குடுக்கக் கூடாது, பக்கத்துல வரலாம், ஆசப்படலாம், செத்துப் போலாம், அது மட்டும் கூடாது. இதுல படத்த நான் காப்பாத்த வரல.

ஆனா இந்தப் படம் அந்த விதிய வெளிச்சத்துல வச்சுக் காட்டவும் செய்யுது, அதுக்கு நீங்க அந்த சாராயக்கடை சீன மறுபடி பாக்கணும். ஜெயிச்ச ராத்திரிக்கப்புறம் ஷோஷோ வில்மாட்ட தன் ஏரியாவுக்கு கூட்டிட்டுப் போறா. ஈஸ்ட் எண்ட்ல கூட்டம் நெரியற ஒரு பப், கப்பல்காரங்க, கூலியாளுங்க, கெழவிங்க. இதான் எங்க பிக்காடில்லிங்கற மாதிரி சொல்றா. அங்க ஒரு வெள்ளைக்காரப் பொம்பள ஒரு கறுப்பின ஆளோட கையப் புடிச்சு ஆட ஆரம்பிக்கறா. ரெண்டு சுத்து வந்திருப்பாங்க, கடைக்காரன் வந்து நிறுத்திடறான், இங்க இதெல்லாம் கூடாதுங்கறான். அந்தப் பொம்பள எதுத்துக் கத்தறா, சுத்தி இருக்கறவங்க அத்தன பேரும் அவள முறைக்கறாங்க. அந்த ஆளு சத்தமில்லாம வெளிய போயிடறான். இதெல்லாம் நடக்கும்போது கேமரா ஷோஷோவும் வில்மாட்டும் உக்காந்திருக்கற பக்கம் போய் நிக்குது. ரெண்டு பேருக்கும் புரிஞ்சுடுச்சு, ஒண்ணும் பேசல, கெளம்பிடறாங்க. கதைக்கு இந்த சீன் தேவையே இல்ல, வெட்டிட்டா ஒரு திருப்பமும் குறையாது. 1929ல, பிரிட்டிஷ் படத்துல, இத வேலை மெனக்கெட்டு எடுத்து வச்சிருக்காங்க. மேல சொன்ன அந்த முத்தம் ஏன் வெட்டுப்படுதுன்னு படமே காரணம் சொல்லிட்டுப் போற மாதிரி எனக்கு இருக்கு. அந்தத் தடையப் போடறது லைம்ஹவுஸ் சீனக்காரன் இல்லங்கறதையும் பாத்துக்கங்க.

அப்புறம் மேபல் வந்து கெஞ்சற சீன். அவன் உனக்கு வயசானவன்மா விட்டுடுன்னு மேபல் சொல்ல, எனக்கு அவன் வயசானவன் இல்ல, நீதான் அவனுக்கு வயசானவன்னு ஷோஷோ திருப்பிக் குடுப்பா. கொடூரமான பதில்தான், ஆனா அத சொல்லும்போது வாங் மூஞ்சில சிரிப்பும் இல்ல கோவமும் இல்ல. கில்டா கிரே பழைய பாணில கண்ண உருட்டி, மூச்ச இழுத்து, கையப் பிசைஞ்சு நடிச்சுட்டு இருக்க, எதிர்ல இந்தம்மா சும்மா நிக்கறாங்க, அவ்ளோதான். கையக் கைய அசைக்குதுன்னு நீங்க டான்ஸப் பத்தி சொன்னீங்களே, அந்த சிக்கனம்தான் இங்க நடிப்பா நிக்குது. ஒரே ஃப்ரேம்ல ரெண்டு காலத்து நடிப்பு, ஒண்ணு முடிஞ்சு போச்சு, இன்னொண்ணு பேசும்படம் வந்தப்புறமும் தாங்கும்.

கடைசி இருபது நிமிஷம் மட்டும் உங்க கட்சி. மரண விசாரணை, சாட்சி, பழைய சம்பவம், மறுபடி சாட்சி, ஷோஷோ இல்லாத படம் காத்துப் போன டயர் மாதிரி ஓடுது. ஜிம் பிணவறைல அவ பக்கத்துலயே தன்னச் சுட்டுக்கறதும் அவசரமா முடிச்ச மாதிரிதான். அதுக்கப்புறம் தெருவுல ஒருத்தன் முதுகுல விளம்பரப் பலகை மாட்டிக்கிட்டு போவான், அடுத்த ஷோவோட பேரு, வாழ்க்கை ஓடிட்டே இருக்கும்ங்கற அர்த்தத்துல. பென்னட் குசும்பு.

வாங்குக்கு நிஜத்துல நடந்ததும் சொல்லிடறேன். படம் வந்த அதே 1929ல லண்டன் மேடைல ஒரு நாடகம், கூட நடிச்ச பையன் லாரன்ஸ் ஒலிவியர், ஆனா விமர்சகருங்க இவங்க அமெரிக்க உச்சரிப்பத்தான் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க, பேசாத படத்துல ராணி மாதிரி இருந்த பொண்ணுக்கு வாயத் தொறந்ததும் இப்படி. அவங்க காசு குடுத்து வாத்தியார் வச்சு உச்சரிப்ப மாத்திக்கிட்டாங்க. ஹாலிவுட்டுக்குத் திரும்பிப் போனாங்க, 1932ல 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'ல மார்லின் டீட்ரிக் கூட, நல்ல வேஷம். அப்புறம் பேர்ல் பக்கோட சீன விவசாயக் குடும்பக் கதை 'தி குட் எர்த்' படமாகுது, கதாநாயகி ஓலன் இவங்களுக்குத்தான் கெடைக்கும்னு ஆளாளுக்கு எதிர்பாத்தாங்க. கதாநாயகன் வேஷத்துக்கு பால் முனின்னு ஒரு வெள்ளைக்காரர போட்டாச்சு, அவர் பொண்டாட்டியா நெசமான சீனப் பொண்ணு நடிச்சா தணிக்கை விதி இடிக்கும், அதனால ஓலன் வேஷம் லூயிஸ் ரைனருக்குப் போச்சு, அவங்க அதுக்கு ஆஸ்கரும் வாங்கினாங்க. வாங்குக்கு அதே படத்துல வில்லி மாதிரி வர்ற ஒரு ஆசைநாயகி வேஷத்துக்குப் பேசினாங்க, முடியாதுன்னுட்டாங்க. 1961ல 56 வயசுல இறந்துட்டாங்க. 2022ல அமெரிக்க அரசாங்கம் கால் டாலர் காசுல அவங்க மூஞ்சியப் போட்டுச்சு. படத்துல அவங்களுக்கு ஒரு க்ளோஸப் மிச்சம் வைக்காம குடுத்த டூபாண்ட் கதையும் சோகம்தான், அவர் யூதர், ஹிட்லர் வந்தப்புறம் திரும்பிப் போக ஊரு இல்லாம அமெரிக்கால சின்னச் சின்னப் படம் எடுத்து ஓஞ்சார்.

பிரிண்ட் விஷயம். நீங்க பாத்தது கருப்பு வெள்ளைதானா? அப்ப அது சரியான பிரிண்ட் இல்ல. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2000கள் ஆரம்பத்துல சீர் பண்ணி வெளியிட்டது, உள்ள நடக்கற சீனெல்லாம் ஆரஞ்சு மஞ்சள், ராத்திரித் தெரு நீலம்னு அந்தக் காலத்து சாயம் ஏத்தினது, கிட்டத்தட்ட 1 மணி 50 நிமிஷம் ஓடும். நீல் பிராண்ட் அதுக்கு ஜாஸ் பேண்ட் வச்சு இசை எழுதியிருக்கார், கிளப் சீன்ல தூக்கிட்டுப் போகும். பியானோவ மட்டும் வச்சு கிளப் படம் பாத்தா நெஜமாவே பாதி போயிடும், அதனால உங்க ஏமாத்தத்துல ஒரு பங்க அந்த யாரோ ஒரு பியானோக்காரர் மேல போட்டுக்கலாம். அந்தப் பிரிண்ட்டோட டிவிடில ஒரு வேடிக்கையும் சேத்திருக்காங்க. படம் முடியற நேரத்துல பேசும்படம் வந்து தியேட்டர் எல்லாம் ஸ்பீக்கர் மாட்ட ஆரம்பிச்சுட்டாங்க, கம்பெனி பயந்து போய் முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பேசற சீன் எடுத்து ஒட்டிடுச்சு. வில்மாட்டா நடிச்ச ஜேம்ஸன் தாமஸ் இன்னொருத்தர்கிட்ட மெதுவா பேசறார், மைக் எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச மாதிரி ஒரு இருப்பு. அதப் பாத்துட்டு உடனே படத்துக்குள்ள போனீங்கன்னா, கேமரா எவ்ளோ சுதந்திரமா அலைஞ்சுக்கிட்டிருந்துச்சுன்னு தெரியும். ஹிட்ச்காக் அதே ஸ்டூடியோவுல அதே வருஷம் 'பிளாக்மெயில்' படத்த மௌனமா ஒண்ணு, பேசறதா ஒண்ணுன்னு ரெண்டா எடுத்துட்டு இருந்தார், அந்த மாதிரி இழுபறில மாட்டின வருஷம் அது.

அடுத்து என்ன பாக்கலாம்னு கேட்டீங்க. டூபாண்ட் இதுக்கு சில வருஷம் முன்னாடி எடுத்த 'வேரியெட்டே', 1925, பெர்லின் விண்டர்கார்ட்டன் அரங்கத்துல கம்பி ஊஞ்சல்ல தொங்கற மூணு பேரோட கதை, நடிச்சது எமில் யானிங்ஸ், லியா டி புட்டி. கேமரா கார்ல் ஃப்ராய்ண்ட், ஊஞ்சலோடயே ஆடும். உங்களுக்கு அதுல டான்ஸ் பத்தலன்னு சொல்ல முடியாது, உசுர கையில புடிச்சுட்டு பாக்கற வித்தை. அமெரிக்கால ஓட்டினப்போ கல்யாணம் ஆன ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இன்னொருத்தி கூடப் போற ஆரம்பப் பகுதிய ஒழுக்கக் கேடுன்னு வெட்டி எறிஞ்சுட்டு, அந்த இன்னொருத்தியவே பொண்டாட்டின்னு காட்டிட்டாங்க, அந்தப் பிரிண்ட் நெட்ல சுத்தும், வேண்டாம், முழுசா இருக்கற ஜெர்மன் பிரிண்ட்டா தேடுங்க. 2015ல சீர் பண்ணி பெர்லின் விழாவுல போட்டது ரொம்பத் தெளிவா இருக்கும், ஆனா அதுக்கு டைகர் லில்லீஸ்னு ஒரு குழு படம் முழுக்கப் பாட்டா பாடித் தள்ளியிருக்காங்க, கதைய நம்மளே கண்ணால பாத்துட்டு இருக்கும்போது காதுலயும் வந்து விளக்கம் சொல்லுவாங்க. பத்து நிமிஷம் கேட்டுப் பாருங்க, எரிச்சலா இருந்தா சத்தத்த அணைச்சுட்டு ராஜா பேக்ரவுண்ட் ஸ்கோர் ஏதாவது ஓட விடுங்க, நான் அதான் பண்ணினேன், பாவம் பாத்தா ஒண்ணும் நடக்காது.

அன்புடன்.